நான் சொன்ன ஆமாங்க

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

கொஸ்லந்தைக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஸ்டோரில் உர மூட்டைகள் காணாமல் போயின. அன்று உரம் சுமந்தவன் நான் என்பதால் பொலிஸ் என்னைப் பிடித்தது. நான் எடுக்கவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது தோட்டத்தை நடத்துகிற துரை எதற்கு ஏசினாலும் தலையைக் குனிந்து ஆமாங்க என்போம். மறுத்தவனுக்கு அன்று வேலை இல்லை. கோர்ட்டில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்கென்று பேச ஆளில்லை. கடைசியில் ஒரு பொலிஸ்காரர் அரைகுறைத் தமிழில், குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆமாங்க என்றேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆறு மாதம் மறியலில், ஜெயிலில் இருக்க வேண்டும் என்றார்கள்.

என் மனைவி மறியலுக்குப் பார்க்க வந்தாள்.

"பெரட்டுல தலையாட்டுற மாதிரியே அங்கயும் ஆட்டிட்டீங்களா? நெசமா எடுத்தீங்களா?"

"இல்ல புள்ள."

"இத அங்க சொல்றதுக்கு என்னங்க?"

பதுளையில் அலைந்து, கட்டணம் வாங்காத சட்டத்தரணி அம்மா ஒருவரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். விளங்காமல் ஒத்துக்கொண்டதைத் திரும்பப் பெற விடவேண்டும் என்று அந்த அம்மா மேல் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டார். பிணையில் வந்தேன்.

தண்ணீர் பிடிக்கிற பீலியில் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. "ஒரம் போட்ட வீடுல்ல, அதான் அவங்க போஞ்சிக் கொடி அப்படிக் காய்க்குது" என்று சிரித்தார்களாம். எல்லாரும் போன பிறகே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

ரொட்டி தட்டும்போது திடீரென்று திரும்பி, "ஒத்துக்கிறியா?" என்பாள், நீதவான் மாதிரி. என் வாயில் ஆமாங்கதான் வரும். அவள் சிரித்துவிட்டு, "நாலு பேரு கேக்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும்" என்பாள்.

அப்பீல் தவணை தவணையாகத் தள்ளிப்போனது. மழையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் தீர்ப்பு வந்தது. நான் ஒத்துக்கொண்டது செல்லாது, வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று. மறுபடியும் அதே கூண்டில் நின்றேன். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஒத்துக்கொள்கிறாயா என்று நிதானமாகக் கேட்டார்.

"இல்லீங்க. நான் எடுக்கல."

சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சனங்கள் உட்காரும் வாங்கில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆள் ஒருவரும் இல்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. ரொட்டி தட்டும்போது கேட்கத்தான் யாரும் இல்லை.

இதை எழுதியது அவளுடைய முதல் வருஷத் திவசத்தன்று, ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.