முட்டைகளுக்கு லினக்ஸ் காவல்

ஆழ்வார்திருநகரி மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: பரீட்சையில் முட்டை வாங்கியே பழகிய நான், இன்று முதல் முட்டைகளைக் காக்கிறேன்!

அடைக்கோழியை நாய் பிடித்துவிட்டது. தங்கச்சி அழுத அழுகை தாங்காமல், அட்டைப்பெட்டிக்குள் முட்டைகள், பல்பு, சூடு பார்க்கும் சென்சார் எல்லாம் வைத்துப் பழைய லேப்டாப்பில் இணைத்தேன்.

அந்த லேப்டாப்பை இயக்கும் லினக்ஸில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு கோப்பு உண்டு. திறந்தால் சூடு எண்ணாகத் தெரியும்.

திறந்தேன். முப்பத்தெட்டு! குஞ்சு பொரிக்கச் சரியான சூடு.

"ஏட்டி, இனிமே என்னைய விஞ்ஞானின்னு கூப்பிடு."

அவள் நம்பவில்லை. முட்டையை எடுத்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அதே லேப்டாப்பில் கேம் விளையாடினேன். எண் அறுபதுக்கு ஏறியது.

"ஏ அண்ணே, குஞ்செல்லாம் வெந்துரும்!"

ஓடிப்போய் ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்தாள்.

"முட்டை நல்லாத்தாம்ணே இருக்கு. ஒன் லேப்டாப்புக்குத்தான் காய்ச்சல் அடிக்கு."

உண்மைதான். நாள் முழுக்க நான் பார்த்தது லேப்டாப்பின் சொந்தச் சூடு. பெட்டிக்குள் கிடக்கும் சென்சாருக்கு இன்னும் கோப்பே உருவாகவில்லை.

அதை வரவைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை தன் கன்னம்தான் சென்சார் என்று, தங்கச்சி பெட்டியை விட்டுச் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

என் கன்னத்தைத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்ணே, மீசை குத்தும்."

இல்லாத மீசை.