சாஸ்தா மாட்டுக்குப் போட்ட கயிறு

நான்காம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார் ‘கடமை’ என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு எதிர்ப்பதம் சொல்லுங்கள் என்றார். விடுதலை என்றான் ஒருவன். சோம்பல் என்றாள் இன்னொருத்தி. நான் எழுந்து நின்று ‘சாஸ்தா மாடு’ என்றேன். வகுப்பு சிரித்தது. வாத்தியாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மணி அடிக்கும்வரை என்னை நிற்கவைத்தார். நான் சொன்னது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அந்த மாடு எங்கள் தொழுவத்தில் பிறந்தது. எனக்குச் சின்ன வயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்து, வைத்தியர் கைவிரித்துவிட்டுப் போனார். அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெள்ளைக் காளங்கன்றை அவிழ்த்துக்கொண்டு குளக்கரைச் சாஸ்தா கோயிலுக்குப் போனார். பூசாரி முன்னால் தண்ணீர் வார்த்து, பிள்ளைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள் என்று சொல்லி, கன்றின் கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டார். எனக்குக் காய்ச்சல் இறங்கியது. கன்று சாமிக்குச் சொந்தமாயிற்று.

அதற்குப் பிறகு அதற்கு ஏர் கிடையாது, வண்டி கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. யார் வயலில் வாய் வைத்தாலும் ‘போ சாமி’ என்று கும்பிட்டுத்தான் விரட்டவேண்டும். நான் காலையில் முற்றம் பெருக்கி, தண்ணீர் சுமந்து, வாய்ப்பாடு ஒப்பித்து, அடியும் வாங்கிக்கொண்டிருக்கையில், எனக்குப் பதிலாகப் போன அந்த மாடு நடுத்தெருவில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதன்மேல் பொறாமை. எங்கள் இருவரில் யாரைச் சாமி எடுத்திருந்தால் நல்லது என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடை உண்டு. அதற்கு யாரும் கயிறு போடக்கூடாது. போட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுத்ததாக ஆகிவிடும். சாமியும் தான் கொடுத்ததைத் திரும்ப எடுக்கும். மாடு தன் காலம் முடியாமல் செத்தாலோ, சாமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டிலும் போகப்போவது என் உயிர்தான். இதெல்லாம் எனக்கும் தெரியும். சக்கரவர்த்திகளின் பெயர் தெரிவதுபோல, கேட்டால் சொல்லுமளவுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப்பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. ஆனி மாதம். பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்கள், மத்தியானத்துக்குள் நம் குளத்துக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று சேதி வந்தது. ஊரே குளக்கரையில் கூடியது. குளம் வற்றி, நடுவில் கொஞ்சம் சேறும் அதைச் சுற்றிப் பச்சைக் கோரையும்தான் கிடந்தன. தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாக மடைவழியே உள்ளே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்தபோதுதான் நடுக்குளத்தில் மாடு கத்தியது.

கோரை தின்னப்போன சாஸ்தா மாடு, கோரை மறைவில் வயிறுவரை சேற்றில் இறங்கிக் கிடந்தது. முன்கால்களைத் தூக்கப் பார்க்கும். தூக்கத் தூக்கப் பின்பாதி தாழும். தண்ணீர் அதைச் சுற்றிப் பரவ ஆரம்பித்தது.

ஆண்கள் நாலைந்து பேர் இறங்கி, கோரைத்திட்டில் நின்று கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். வாலைப் பிடித்தார்கள். மாடு அசையவில்லை. கயிறு போட்டு இழுத்தால் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

“மடைய அடைச்சா என்ன?” என்றார் ஒருவர்.

“அடைச்சா, கீழ ஊர்க்காரன் தண்ணிய கொண்டு போயிருவான். பிறவு நாம எதை வச்சு நாத்து நடுகது?”

பூசாரி கரையில் நின்றபடியே கைகூப்பினார். “சாமிக்க மாடு. சாமி பாத்துக்கிடும்” என்றார். சாமியிடம் பொறுப்பை ஒப்படைத்ததும் பலருக்கு முகம் தெளிந்தது. இறங்கியவர்கள் கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டார்கள்.

அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்கு வைத்திருந்த முறுக்கை என் கையில் கொடுத்தாள். அப்பாவின் தங்கையான என் அத்தை, என்னைக் கண்டால் எப்போதும் ஏதாவது வேலை ஏவுகிறவள், என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, “மக்கா, உனக்கு மேலுக்கு ஒண்ணும் இல்லல்லா?” என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் நின்ற கழுத்து சுடாமல் என்ன செய்யும்? நான் முறுக்கைத் தின்றேன்.

தண்ணீர் மாட்டின் முதுகைத் தொட்டது. அப்பா கரையில் குத்துக்கல்லாக நின்றார். அம்மை அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“கயிறு கெட்டணும்.”

“கெட்டப்பிடாது. நான் தண்ணி வாத்துக் குடுத்தது. பிள்ளைக்கு வல்லதும் வந்தா என்ன செய்வ?”

“மாடு செத்தாலும் வரும், கெட்டினாலும் வரும்னு சொல்லுதிய. பிறவு கெட்டிப் பாத்தா என்ன?”

அம்மை விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். அழத்தான் போகிறாள் என்று அத்தை சொன்னாள். திரும்பி வந்தபோது அவள் தோளில் கிணற்றுக்கயிறு இருந்தது, கக்கத்தில் அடுக்களைப் பலகை இருந்தது. பூசாரி குறுக்கே வந்தார்.

“ஏட்டி, குடுத்த சாமானத்துல கை வைக்காத.”

“குடுத்தது அவுக. அண்ணைக்கு நான் பிள்ளைய மடியில போட்டுட்டு இருந்தேன். எனக்கு கை ஒழியல்ல. நான் ஒண்ணும் குடுக்கல்ல.”

பூசாரி விலகி வழிவிட்டார். அம்மை குளத்தில் இறங்கினாள். பலகையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் வயிற்றை அமுக்கிப் படுத்து, நகர்ந்து நகர்ந்து மாட்டிடம் போனாள். அதன் காதருகே ஏதோ சொன்னாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். எனக்கு அப்போதுதான் முதல்தடவையாகப் பயம் வந்தது, அதுவும் அம்மைக்காக. அவள் தலை மறுபடி தெரிந்தபோது, கயிறு மாட்டின் முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி, முதுகில் முடிச்சு விழுந்திருந்தது.

கயிற்றின் மறுநுனியை அவள் கரைப்பக்கமாக வீசினாள். ஒரு கணம் அது தண்ணீரிலேயே கிடந்தது. கட்டத்தான் கூடாது, இழுக்கக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை என்பது ஒவ்வொருவருக்காக விளங்கியிருக்கவேண்டும். ஒருவர் இறங்கி எடுத்தார். அடுத்தவர் எடுத்தார். அப்புறம் ஊரே இழுத்தது. கடைசியில் அப்பா ஓடிவந்து பிடித்தார். அவர் அழுதுகொண்டே இழுத்தார். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாடு கரையேறி, உடம்பை உலுக்கி எல்லார்மேலும் சேற்றை அடித்தது. அம்மை முதல் காரியமாக முடிச்சை அவிழ்த்தாள். அது ஒரு நன்றியும் காட்டாமல் நேராகப் பூசாரியின் வாழைத்தோட்டத்துக்குள் போயிற்று.

கழுத்துவரை சேறாக அம்மை என்னிடம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டுக்கு இழுத்துப்போனாள். இடதுகையில் என்னைப் பிடித்துக்கொண்டே வலதுகையால் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். என்னைப் பிடித்துக்கொண்டே உலைவைத்தாள், சோறு வடித்தாள். என் கூட்டாளிகள் எல்லாம் புதுத்தண்ணீரில் குதிக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. விடும்மா என்று கெஞ்சினேன், காலை உதைத்தேன், கடைசியில் அவள் கையைக் கடித்தேன். பல் பதிந்தும் அவள் விடவில்லை. படுக்கும்போதும் விடவில்லை.

மறுநாள் பொழுது விடிந்தபிறகுதான் என் கை எனக்குக் கிடைத்தது. நேரே அத்தையிடம் ஓடினேன். சேற்றில் இறங்கியது மாடு, அதை உடனே அவிழ்த்து விட்டுவிட்டாள், ஒரு தப்பும் செய்யாத என்னை மட்டும் ராத்திரி முழுக்கப் பிடித்துவைத்திருந்தாள் என்று புகார் சொன்னேன். அம்மைக்கு என்னைவிட அந்த மாட்டின்மேல்தான் பாசம் என்றும் சொன்னேன்.