மூன்றாவது கேசட்டுக்கு மறுமதிப்பீடு

எங்கள் வாட்ஸாப் குரூப்பில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். திருச்சியில் கல்லூரி படித்த காலத்தில், கிடாரும் டிரம்ஸும் வைத்து ஏசு பாட்டுப் பாடிய பேண்டுகளின் மேல் பைத்தியமாக இருந்தவர்கள். மாதத்துக்கு ஒரு பழைய கேசட் என்று கணக்கு. யாராவது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் போடுவார்கள். ஒரு வாரம் கேட்போம், அப்புறம் அடித்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் தலையில் தூக்கிவைத்து ஆடியதை இப்போது "சண்டே ஸ்கூல் பாட்டு" என்று கீழே போடுவோம். அப்போது சீந்தாமல் விட்டதைத் துடைத்து எடுத்து ஆகா ஓகோ என்போம். முப்பது வருஷம் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்த எனக்கு இது பழகின சமாச்சாரம். பரீட்சைப் பேப்பருக்கு மறுமதிப்பீடு. ஆனால் இங்கே பரீட்சை எழுதினவர் யாரும் விண்ணப்பம் போடவில்லை, நாங்களாகவே திருத்திக்கொண்டிருந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிக் குடியிருப்பவளுக்கு இந்தப் பாட்டெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஹாஸ்டல் சிநேகிதி ஒருத்தி கொடுத்த கேசட்டில் ஆரம்பித்தது. அப்பா ஒருநாள் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "பகவந்நாமாதானே, சத்தத்தைக் கொறைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. என் கணவர்தான் இன்றைக்கும் விடுவதாயில்லை. அவர் காலையில் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் நிற்பவர். என் போன் மணியடித்தால், "போ, உன் கோஷ்டி ஆரம்பிச்சாச்சு" என்பார்.

சென்ற வருஷம் எங்கள் கையில் சிக்கியது பொன்மலைப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்திய ஒரு பேண்ட். மொத்தம் மூன்று கேசட் போட்டார்கள். முதல் இரண்டும் சர்ச் வாசலிலேயே விற்றுத் தீர்ந்தன. மூன்றாவதில் எலெக்ட்ரிக் கிடார் ஓங்கியிருந்ததால் சர்ச்சுப் பெரியவர்கள் இது சாத்தானின் மேளம் என்று சொல்லி விற்க விடவில்லை. எங்களைப் போன்ற விசிறிகளாவது தாங்கிப் பிடித்தோமா? இல்லை. ரெண்டாவதுதான் நன்றாயிருந்தது என்று உதட்டைப் பிதுக்கினோம். பேண்ட் கலைந்துபோனது. என்னிடமிருந்த மூன்றாவது கேசட்டின் மேல்பக்கத்தில், மறுபதிவைத் தடுக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, என் பெண்ணுக்குப் பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்த வர்ணத்தை அதன் மேலேயே பதிவு செய்தவள் நான்தான்.

துபாயில் இருக்கும் எங்கள் அட்மினிடம் மட்டும் ஒரு பிரதி மிஞ்சியிருந்தது. அதை அவர் பரணிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் ஓட்டிப் பதிவு செய்து போட்டார். எல்லோரும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டோம். கனத்த குரல். இழுத்து இழுத்து விழும் டிரம்ஸ். கைவிடப்பட்ட ஒரு மனுஷன் கடவுளிடம் முனகுவது போல் இருந்தது. இவ்வளவு இருட்டை அன்றைக்கு எப்படிக் கேட்காமல் விட்டோம் என்று ஒருவர் எழுதினார். இதுதான் நிஜமான விசுவாசம் என்றார் இன்னொருவர். நான் மட்டும் சும்மா இருந்தேனா? இதில் எனக்கு, ஏசு கடைசி இரவில் தவித்து ஜெபித்த கெத்செமனே தோட்டம் கேட்கிறது என்று மூன்று பத்தி எழுதினேன். கெத்செமனேயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் எழுதும்போது அழுதேன், அது உண்மை.

பாடியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. திருச்சியில் இருந்தவள் நான் ஒருத்திதான். பொன்மலையில் நாலு பேரை விசாரித்து, கே.கே. நகரில் ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் கண்டுபிடித்தேன். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நாலு வருஷம். கல்லூரி மைதானத்தில் கடைசி வரிசையிலிருந்து நான் அண்ணாந்து பார்த்த ஆள், லுங்கியோடு கதவைத் திறந்து, "கேஸ் புக் பண்ணினது வந்திருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. குரூப்பில் எழுதியிருந்ததையெல்லாம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தக் கேசட்டையா சொல்றாங்க? நல்லாப் பாத்தீங்களா டீச்சர்?" என்று இரண்டு தரம் கேட்டார். "முதல் ரெண்டும் சர்ச்சுக்காகப் பாடினது. அது மட்டும்தான் எனக்காகப் பாடினேன். யாரும் கேக்கலை." அவரிடம்கூட ஒரு பிரதி இல்லை. பாட்டைப் போட்டுக்காட்டும்படி கேட்கவும் கூச்சப்பட்டார், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவரைக் குரூப்பில் சேர்த்துவிட்டேன். அந்த அவசரத்துக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் நான் சாதகம் செய்வதற்காகச் சுருதிப்பெட்டியைப் போட்டிருந்தேன். பக்கத்தில் போனில் அந்தக் கேசட்டின் முதல் பாட்டு ஓடியது. இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாமல் போனால் என்ன என்று விட்டிருக்கலாம், எனக்கு அந்தக் குணம் கிடையாது. பெட்டியில் சுருதியை ஒவ்வொரு கட்டையாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு கட்டைக்கும் கொஞ்சம் கீழே, எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கியது பாட்டு. கல்லூரியில் படிக்கும்போது, கேட்கிற பாட்டுக்கெல்லாம் கட்டை பார்த்து நோட்டில் குறித்துவைக்கும் கிறுக்கு எனக்கு இருந்தது. அலமாரியைக் குடைந்து அந்த நோட்டை எடுத்தேன். அந்தப் பாட்டுக்கு எதிரே என் கையெழுத்தில் இரண்டு கட்டை என்று இருந்தது.

பிசிக்ஸ் வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அட்மினின் டேப் ரெக்கார்டரில் பெல்ட் தொய்ந்திருக்கிறது. டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும், குரல் கனக்கும், டிரம்ஸ் இழுக்கும். நாங்கள் மண்டியிட்டுக் கும்பிட்ட அத்தனை இருட்டும் ஒரு ரப்பர் பெல்ட்டின் வேலை.

போனிலேயே வேகத்தைக் கூட்டுகிற ஒரு வசதி இருந்தது. இரண்டு கட்டையில் வந்து நிற்கும்வரை கூட்டினேன். சட்டென்று ஒரு இளைஞன் பாடினான். மூச்சு வாங்க ஓடிவந்து சேதி சொல்கிறவனின் குரல். வார்த்தைகளில் துக்கம் என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது, அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அன்று மத்தியானமே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி கே.கே. நகர் போனேன். அதற்குள் குரூப்பில் இருந்த பாட்டை அவர் கேட்டிருந்தார். "என் குரல் மாதிரியே இல்லை டீச்சர். வயசாச்சு, காது போச்சுன்னு நெனச்சேன்" என்றார். நான் சரி செய்ததைப் போட்டேன். முதல் அடி முடிவதற்குள் எழுந்து நின்றுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் அவர் விரல்கள் டிரம்ஸ் அடித்தன. "இதுதான். இது நான்" என்றார். "என் பொண்ணு பொறந்த வருஷம் பாடினது. கையில வாங்கினதும் எனக்குத் தலகால் புரியலை. ஒன்பது பாட்டையும் ரெண்டே மாசத்துல எழுதினேன்." எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், அதில் சர்க்கரை போட மறந்திருந்தார். நானும் சொல்லாமல் குடித்தேன். நான் பார்த்த அளவில், அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

வீட்டுக்கு வந்து சரியான வேகத்தை குரூப்பில் போட்டு, பெல்ட் விஷயத்தையும் சுருதி விஷயத்தையும் விளக்கி எழுதினேன். பிறகு ஆரம்பித்தார்கள். "ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி இருக்கு." "குரல் கீச்சுன்னு கேக்குது." "எடிட் பண்ணிக் கெடுத்துட்டீங்க மேடம்." பாடினவரே இதுதான் தன் குரல் என்கிறாரே என்று எழுதினேன். அதற்கு அட்மின், ஒரு பாட்டு வெளியே வந்த பிறகு அது பாடினவருடையது இல்லை, கேட்பவர்களுடையது என்று தத்துவம் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டு மிஷின் கோளாறைக் கடவுளின் மௌனம் என்று கும்பிடுகிறீர்களே, வெட்கமாயில்லையா என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்த செய்தி பாடினவருடையது. அதுவரை குரூப்பில் அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. "அனைவருக்கும் ஸ்தோத்திரம். மெதுவாக இருப்பதே சரி. அப்படித்தான் பாடினேன். டீச்சருக்கு ஞாபகப் பிசகு, பெரிதுபடுத்த வேண்டாம்" என்று இருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பின படங்கள்.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வயதில் நாற்பது பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கினதற்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் கதவைத் திறந்ததும், "உக்காருங்க, திட்டுங்க" என்றார்.

நான் திட்டவில்லை. அவர் சொன்னார். அவருடைய ஒரே பெண் புனேயில் இருக்கிறாள். அவள் இஷ்டப்பட்டு வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது இவர் போகவில்லை. மனைவியையும் போக விடவில்லை. பதினோரு வருஷமாக கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அம்மா சாவுக்கு ஒருநாள் வந்து போனது, அவ்வளவுதான். யாரோ அந்த மெதுவான பாட்டை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தான் பிறந்த வருஷத்தில் அப்பா பாடியது என்று அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டிருக்கிறாள்.

"'அப்பா, நீங்க அப்பவே இவ்வளவு ஒடஞ்சு போயிருந்தீங்களா, எனக்குத் தெரியாம போச்சே'ன்னா டீச்சர். இப்ப தெனமும் பேசறா."

"நிஜத்தைச் சொல்லுங்களேன்" என்றேன். "அவ பொறந்த சந்தோஷத்துல பாடினதுன்னு தெரிஞ்சா இன்னும் பூரிச்சுப் போவாளே."

அவர் தலையை ஆட்டினார். "மாட்டா. அவ்வளவு சந்தோஷமா வாங்கின பொண்ணை அப்புறம் எப்படி வாசல்ல நிக்க வெச்சீங்கன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஒடஞ்ச மனுஷன்னா, பாவம், அதான் அப்படி நடந்துக்கிட்டார்னு விட்டுடுவா."

நான் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வாத்தியார் வேலையில் எத்தனையோ தப்புகளைத் திருத்தியிருக்கிறேன், இதை எந்தப் பேனாவால் திருத்துவது என்று தெரியவில்லை. "என் பொண்ணுகிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் குரூப் ஆட்கள் ஒன்றுகூட வேண்டும், அவர் பாட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கே.கே. நகரிலேயே ஒரு சின்ன ஹால். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பதினோரு மணிக்கு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தார்கள். அட்மின் துபாயிலிருந்து வந்து என்னிடம் ரொம்பப் பெருந்தன்மையாக, "பரவாயில்லை மேடம், ஞாபகம்னா அப்படித்தான்" என்றார். நான் சிரித்துவைத்தேன். எனக்குத் தயிர்சாதம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். பாடுகிறவரின் பெண்ணும் புனேயிலிருந்து வந்திருந்தாள். முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது.

அவர் கிடாரை எடுத்தார். தந்திகளைத் தளர்த்தி வைத்திருந்தார் என்பது முதல் மீட்டலிலேயே தெரிந்தது. பிறகு பாட ஆரம்பித்தார். ஒரு கட்டைக்கும் கொஞ்சம் கீழே. எந்தச் சுருதியிலும் சேராத அதே இடத்தில், அதே இழுவையில், அதே முனகலில். அந்தக் கெட்டுப்போன டேப்பை வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு தொய்வையும் அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடம் பண்ணியிருக்க வேண்டும். அப்பழுக்கில்லாமல் பாடினார். ஹாலில் பெரிய பெரிய ஆட்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்கள். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தனக்காகப் பாடிய குரலை, அந்த மனுஷன் எங்கள் கண் முன்னால் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருந்தார். கேட்டுப் புரிந்துகொள்ள அந்த ஹாலில் நான் ஒருத்திதான் இருந்தேன். என் வாயும் கட்டப்பட்டிருந்தது.

பாட்டு முடிந்து கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு அப்பாவை அப்பவே தெரியுமாமே. நான் பொறந்தப்போ இப்படித்தான் இருந்தாரா?"

மேடையிலிருந்து அவர் எங்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். "இப்படித்தான் இருந்தார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அப்பா" என்றாள்.