சொன்னர்போர்க் கோட்டையில் கோமகன்களும் எங்கள் சம்பந்தப் பேச்சும்

என் மகள் மதுஷாவும் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருக்கும் கஜனும் கலியாணம் செய்வதென்று முடிவெடுத்துவிட்டார்கள். கஜனின் அப்பா சிவபாலன் மட்டும் ஓம் சொல்லவில்லை. எங்கள் பூர்வீகத்தை அவர் முழுதாக விசாரித்து முடிக்க வேண்டுமாம். வெளியே கூட்டிப்போனால் மனிதர் இளகுவார் என்று நினைத்து, போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பமும் ஒரே காரில் கிளம்பினோம். பூர்வீகப் பைத்தியம் பிடித்தவரை ஜெர்மன் கோமகன்களின் பரம்பரைக் கோட்டைக்குக் கூட்டிப்போன புத்திசாலி நான்தான்.

நாங்கள் இருக்கும் பிராண்டேயிலிருந்து கோல்டிங் வழியாக ஏறத்தாழ நூற்றுநாற்பது கிலோமீற்றர். ஒன்றரை மணிநேர ஓட்டம். பின்சீற்றில் சிவபாலனின் மனைவி பரிமளத்தோடு இருந்த பிள்ளைகள் டேனிஷில் கதைத்துச் சிரித்தபடி வந்தார்கள். முன்சீற்றில் சிவபாலன் என் பாட்டனாருக்கு எந்த ஊர், யார் யார் சகோதரங்கள் என்று துருவிக்கொண்டு வந்தார்.

கோட்டை ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட, கடலோரத்தில் சிவப்புச் செங்கல்லில் நிற்கிறது. இங்கே ஆண்ட முதல் கோமகனுக்குப் பிள்ளைகள் ஏராளம். இருந்த நிலத்தை மகன்மாருக்குப் பிரிக்க, அவர்கள் தங்கள் மகன்மாருக்குப் பிரிக்க, கடைசியில் நீண்ட பட்டமும் கையளவு காணியும் மிஞ்சின. நம் காணிச் சண்டைகள் இதற்குக் கிட்ட வராது.

சுவரில் இருந்த வம்சப் படத்தைச் சிவபாலன் விரலால் தொடர்ந்துகொண்டே போனார்.

"ஐயோ, உது சித்தப்பாவின்ரை மகளெல்லே! தங்கச்சி முறையைக் கட்டியிருக்கிறான்!"

அதோடு நின்றிருக்கலாம். விரல் நின்ற இடத்திலேயே எங்கள் வம்சத்தையும் யோசிக்கத் தொடங்கினார். முகம் கறுத்தது.

"உங்கடை அப்பம்மாவும் என்ரை அப்பம்மாவும் ஒண்டுவிட்ட அக்கா தங்கச்சி. அப்ப நீங்களும் நானும் அண்ணன் தம்பி. பிள்ளையளும் அண்ணன் தங்கச்சி முறை. இது சரிவராது."

மதுஷாவின் கண் நிறைந்துவிட்டது. கஜன் தகப்பனைப் பார்த்து டேனிஷில் ஏதோ சொன்னான். அதை இங்கே எழுத முடியாது.

அந்த நேரம் பார்த்து கோட்டையின் வழிகாட்டிப் பெண் படத்தில் வேறொரு கிளையைக் காட்டினார். பிள்ளையில்லாத டேனிஷ் அரசருக்குப் பிறகு இந்தக் கோமகன் வம்சத்து இளைய மகன் ஒருவர்தான் அரசரானாராம். அவரைவிட அவருடைய மனைவியே பழைய அரசருக்குக் கிட்டின சொந்தம். அந்த வழிதான் அவரைத் தூக்கிவிட்டதாம்.

அதுவரை பேசாமல் நின்ற பரிமளம் முன்னால் வந்து என்னைக் காட்டினார்.

"ராசாவே மனுசி வழியாலை வந்தவராம். இனி என்ரை வழியாலை பாருங்கோ. என்ரை அம்மாவும் இவற்றை அம்மாவும் ஒண்டுவிட்ட அக்கா தங்கச்சி. அப்ப இவர் எனக்கு அண்ணன். அண்ணன்ரை மகளை என்ரை மகன் கட்டுறது உரிமை."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார் சிவபாலன்.

"என்னை ஆர் கேட்டது? நீங்கள் உங்கடை அப்பா வழியைத்தானே எண்ணிக்கொண்டிருந்தனீங்கள்."

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு: திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முதலே இணையத்தில் பாருங்கள். உள்ளே இரண்டு மணிநேரம் போதும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்க் கடலோரத்தில் இருந்து சாப்பிடலாம்; காற்று பலம், தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளையின் அம்மாவிடம் முதலில் கேளுங்கள்.

நாங்களும் அங்கேதான் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். சிவபாலன் சோற்றிலேயே கண்ணாக இருந்தார். மதுஷா சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், தேத்தண்ணி இருக்கோ?"