வைபர்னம் செடிக்கு விழுந்த வெட்டு

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிறகும் கலாவதி கிளம்பமாட்டாள். வாசல் செடியின் கிளை நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவாள். ரவாங் நகரத்து ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் கையுறைகளில் ஓட்டை தேடும் விரல்கள் அவை. ஊசிமுனை ஓட்டைகூடத் தப்பாது.

செடியின் பெயர் வைபர்னம். பளபளக்கும் இலை, நுனியில் வெள்ளைப் பூக்கொத்து என்று நர்சரியில் பார்த்த படத்துக்கு ஆசைப்பட்டு ஈஜோக் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெயிலில் வேர் காயாமலிருக்க பழம் எடுத்துவிட்ட எண்ணெய்ப்பனைக் குலைகளை அடியில் பரப்பினாள். இலையில் புழுவைக் கண்டால், "என் செடியத் தின்னுட்டு எங்க போற?" என்று அதோடும் சண்டை பிடிப்பாள்.

நான்கு வருடமாகப் பூக்கவில்லை. காரணம் கணவன் நடராஜா. கோயில் கமிட்டித் தலைவர். வீட்டுக்கு ஆள் வந்தால் போதும், கத்தரியை எடுத்துச் செடியைப் பெட்டிபோலச் சதுரமாக வெட்டிவிடுவான்.

நர்சரிக்காரரிடம் கேட்டுவந்து சொன்னாள்: "பழைய கிளை நுனியிலதான் மொட்டு வருமாம். பூத்து முடிஞ்சாத்தான் வெட்டணுமாம். தொடாதீங்க."

"சரி லா" என்றான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வருடம் மொட்டு வந்தது. பச்சை மிளகுபோலக் கொத்துக் கொத்தாக. தொழிற்சாலையில் அவள் படம் காட்டாத ஆளில்லை.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தாள். செடி சதுரமாக நின்றது. வெட்டிய கிளைகள் கால்வாயோரம் குப்பைப் பையில் கிடந்தன. உள்ளே போனாள். கமிட்டிக் கூட்டம்; நடராஜா நோட்டில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான்.

"யாரு வெட்டுனது?"

"ஆளுங்க வராங்க, நீட்டா இருக்கட்டும்னு நான்தான். செடிதானே லா, மறுபடி வளரும். போய்த் தேத்தண்ணி போடு."

"செடி வளரும். நான் சொல்றது உங்க காதுல என்னைக்கு ஏறும்? இங்க யார் வாயத் தொறந்தாலும் நோட்டுல எழுதுறீங்க. இருபத்தாறு வருசமா நான் பேசுறேன், ஒரு வரி எழுதியிருக்கீங்களா?"

"ஆளுங்க முன்னாடி கத்தாத, கலா."

அவள் கத்தவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய்க் குப்பைப் பையை எடுத்துவந்தாள்.

சற்று நேரத்தில் பெரிய தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தாள். தேத்தண்ணி என்று நினைத்துக் கமிட்டிக்காரர்கள் காகிதங்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். தட்டு நிறைய வெட்டுப்பட்ட கிளைகள். மொட்டுகள் இன்னும் வாடவில்லை.

கலாவதி, நடராஜாவின் விரல்களிலிருந்து பேனாவை உருவி எடுத்துவிட்டு, மொட்டுக் கிளை ஒன்றை அங்கே செருகினாள்.