சாவியைக் கேட்டு வாங்கிய சுகிர்தம் டீச்சர்

பக்கத்து வீட்டுக்கு வந்த போனில்தான் செய்தி வந்தது. சுகிர்தம் டீச்சர் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் பெருங்களத்தூரிலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “காலையில போனீங்களா?” என்ற டீச்சரின் குரல்தான் எனக்கு உடனே காதில் கேட்டது. தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி தெரியும். எங்கே என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவர் பூகோளம் நடத்தினார். ஆறு எங்கே பிறக்கிறது, ஏன் இந்தப் பக்கம் திரும்புகிறது என்று வகுப்பில் கேட்பவர், ஆசிரியைகள் அறைக்கு வந்தால் எங்கள் வயிற்றைப் பற்றிக் கேட்பார். ராத்திரி என்ன சாப்பிட்டோம், எழுந்ததும் காபியா வெந்நீரா, உட்கார்ந்ததும் ஆகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வம்புக்காகக் கேட்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. மனித உடம்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். இதெல்லாம் பேசுகிற விஷயமா என்று ஒருவர் முகத்தைச் சுளித்தபோது, “வயித்துக்கு வெட்கம் கிடையாது டீச்சர். வெட்கப்படறதெல்லாம் நாமதான்” என்றார்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வருவேன். சேர்ந்த சில மாதங்களில் மலச்சிக்கல் முற்றி, ரத்தம் போக ஆரம்பித்தது. இப்படியே போனால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் நீண்ட லீவு. லீவு போட்டால் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். என் சம்பளம் இல்லாமல் எங்கள் வீடு நடக்காது. பயத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேப்பர் திருத்துவதைப் பார்த்தே சுகிர்தம் டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் அவருடைய ஆராய்ச்சிப் பொருளானேன். பேதி உப்பையும் விளக்கெண்ணெயையும் முதலில் நிறுத்தச் சொன்னார். அவை வண்டியைத் தள்ளிவிடுமே தவிர ஓட்டாது என்பது அவர் கட்சி. காலையில் வெந்நீர், பிறகு வந்தாலும் வராவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் போய் உட்காருவது, ராத்திரி ஊறவைத்த உலர்ந்த திராட்சை, படுக்கும்முன் ஒரு வாழைப்பழம். படப்பையிலிருந்து வரும் முளைக்கீரையை மார்க்கெட்டில் அவரே பார்த்து வாங்கி என் பையில் திணிப்பார். கொய்யாவை விதையோடு மென்று தின்னச் சொல்லி எதிரிலேயே நிற்பார். என் கணவர், “உங்க டீச்சர் நம்ம வீட்டு சமையலையே மாத்திட்டாங்க” என்று கிண்டல் செய்தார்.

இவ்வளவு செய்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாள் நெருங்கியது. நான் அழுதுவிட்டேன். சுகிர்தம் டீச்சருக்கோ கணக்கு இடிக்கிறதே என்ற யோசனை. அந்த உணர்வு எப்போது வருகிறது என்று கேட்டார். காலையில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் வருவதில்லை, பள்ளிக்கு வந்தபின் இரண்டாவது பீரியடில் வருகிறது என்றேன்.

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“அடக்கிப்பேன். தண்ணியே குடிக்க மாட்டேன், டீச்சர். சாவி ஹெட்மாஸ்டர் ரூம்ல இல்ல இருக்கு?”

எங்களுக்கென்று இருந்த ஒரே கக்கூஸ் மைதானத்தின் கோடியில் இருந்தது. அதன் சாவி, தொலைந்துவிடக் கூடாதென்று ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டப்பட்டுத் தலைமை ஆசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அவரும் கிளார்க்கும் வந்திருக்கும் பெற்றோர்களும் பார்க்க அதை எடுத்துக்கொண்டு, எல்லா வகுப்புகளின் ஜன்னல்களையும் தாண்டிப் போக வேண்டும். எங்களில் யாரும் போனதில்லை. காலையில் வீட்டில் குடித்த காபியோடு சாயங்காலம் வரை தண்ணீர் படாமல் ஓட்டினோம். எங்கள் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டவருக்கு இது மட்டும் தெரியவில்லை. அவர் வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருந்தது. இன்டர்வெல்லில் போய்விட்டு வந்துவிடுவார்.

இதைக் கேட்டதும் டீச்சர், “கீரையைக் கட்டிக்கிட்டு அழுதேனே” என்று சொல்லிவிட்டு எழுந்தார். நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், “கக்கூசுக்குப் போகணும் சார், சாவி வேணும்” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவர் முகம் போன போக்கைக் கிளார்க் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் கட்டையை வீசிக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். பக்கத்தில் வீடு இருந்தும், ஒவ்வொரு இடைவேளையிலும் போய் அதே குரலில் கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் சாவி எங்கள் அறைக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு தண்ணீர்ப் பானையும் வந்தது. இரண்டாவது பீரியட் எனக்கு ஓய்வாக இருக்கும்படி டைம்டேபிளையும் மாற்றச் சொன்னார். அதன்பின் கீரையும் கொய்யாவும் தங்கள் வேலையைச் செய்தன. ஆபரேஷன் தேவைப்படவில்லை. என் வேலையும் நிலைத்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து மகன் வீட்டில் படுக்கையில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது, பக்கத்தில் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்றேன். மருமகள் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம், பெட்பேன் வைக்க அவளைக் கூப்பிடச் சங்கடமாக இருக்கிறது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இவரா என்றிருந்தது எனக்கு. கதவைச் சாத்திவிட்டு, “நான் வைக்கறேன். குடிங்க” என்றேன். குடித்தார். வெளியே வந்து மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று கண் கலங்கினாள்.

அடக்கத்தன்று அவள்தான் பெட்டியின் தலைமாட்டில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சுகிர்தம் டீச்சர் எனக்கு விட்டுப்போனது ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான். குனிந்து அவள் காதில், “காலையிலேர்ந்து பாத்ரூம் போனியாம்மா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்து எழுந்து போனாள். அவள் திரும்பி வரும்வரை அவள் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.