மரத்துக்குக் கான்வாஸ் கட்டிய மழைக்காலம்

டப். கொஞ்சம் கழித்து இன்னொரு டப். காவல் கொட்டகையில் கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்மேல் முதல் துளிகள். கட்டட வேலையில் மழையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓடியவன் எவனும் சிமெண்டைக் காப்பாற்றியதில்லை. காதால் கேட்டு ஓடியவனுக்குப் பாதி மூட்டை மிஞ்சும். நனைந்த சிமெண்டைக் கடப்பாறையால் உடைத்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற நிலத்தில் ஒரு வீடு. ராத்திரிக் காவல், தண்ணீர் இறைக்கும் பம்பு, முதலாளி தவுக்கே வராத பகல்களில் மேற்பார்வை, மூன்றும் நான்தான். வரைபடம் பார்க்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் விரித்து வைத்துப் பார்த்துப் பார்த்து வந்தது. வீட்டுக்காரர் செல்வமணி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மார்கழி பிறந்தால் பால் காய்ச்ச முடியாது. கோயில் குருக்கள் குறித்துக் கொடுத்தது கார்த்திகையின் கடைசி வெள்ளி. சுவர் அப்போதுதான் இடுப்பளவு எழும்பியிருந்தது.

"கூரைய மட்டும் போட்டுக் குடுங்கண்ணே. மத்ததெல்லாம் உள்ள இருந்துகிட்டே நான் பாத்துக்கிறேன்."

மரம் ஈரம்

வேலைக்கு வீரம்மா அக்காவும் அவர் சொந்தக்காரர்கள் நான்கு பேரும். ஐந்து பேரும் ஒரு காலத்தில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். அக்கா வந்தால் ஐந்து ஆள், வராவிட்டால் ஒருவரும் இல்லை. முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஐந்து மணிக்குத் தூறி, ஆறுக்கெல்லாம் விட்டுவிட்டது. எட்டு மணிக்குச் சுள்ளென்று வெயில். ஆளைக் காணோம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், ஐந்து பேரும் அக்கா வீட்டில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்கிறார்கள்.

"மரம் ஈரம் தம்பி. இன்னிக்குப் பெரட்டு இல்ல" என்றார் அக்கா. விடியலில் மரம் நனைந்தால் வெட்டுகிற பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆள் எண்ணுகிற பெரட்டையே அன்றைக்குக் கலைத்துவிடுவார்கள். அது தோட்டத்தில். நாம் கட்டுவது வீடு, வெட்டுவதற்கு மரமே இல்லையே என்றேன். அக்கா என்னை ஐயோ பாவம் என்று பார்த்தார்.

"மரம் இல்லேன்னா மழை பேயலேன்னு ஆயிருமா?"

குழி

கக்கூஸ் தொட்டிக்கு வெட்டிய குழி ஒரே ராத்திரியில் நிரம்பிவிட்டது. காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன், கரையில் ஒரு பெரியவர் குடையும் தூண்டிலுமாக உட்கார்ந்திருக்கிறார். இதில் மீன் எப்படி வரும் என்று கேட்டேன். வராவிட்டால் பரவாயில்லை என்றார். தண்ணீரை இறைக்கப் போகிறேன் என்றதும் முகம் வாடிவிட்டது.

"மறுபடி எப்ப ரொம்பும்னு சொல்லுங்க தம்பி, அன்னிக்கு வாரேன்."

அக்காவின் உள்ளங்கை

தோட்டத்தில் மழை விட்டு மரம் காய்ந்தால் நேரம் கழித்துப் பெரட்டு வைப்பார்களே என்று எடுத்துக் கொடுத்தேன். சட்டம் சட்டம்தான் என்று அக்கா ஒப்புக்கொண்டார். நிலத்தின் ஓரத்தில் ஒரே ஒரு ரப்பர் மரம் வெட்டுப்படாமல் நின்றது. அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு வந்து, அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ந்திருந்தால் வேலை. ஈரமென்றால் ஐந்து பேரும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள், மணலைத் தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மத்தியானம்வரை மழை கிடையாது என்று கைப்பேசியைக்கூட நீட்டினேன்.

"நாப்பது வருசம் இந்தக் கைய நம்பித்தான் மூணு புள்ளைங்கள வளத்தேன். நீ அந்தப் போன நம்பி என்னத்தப்பா வளத்தே?"

தவுக்கே வந்த நாள்

வேறு வழி தெரியவில்லை. தினமும் பொழுது சாயும்போது மரத்தைச் சுற்றிக் கான்வாஸ் கட்டினேன். அக்கா வருவதற்குள் அவிழ்த்துச் சுருட்டினேன். கிழியாத கான்வாஸ் எங்களிடம் ஒன்றுதான். சிமெண்ட் மூட்டைகளைக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, நான் வாசலில் உட்கார்ந்து நனைந்தேன். ஒருநாள் தவுக்கே சாயங்காலமே வந்துவிட்டார். சீனர், தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். மரம் உடுத்தி நிற்பதையும் நான் தலை சொட்ட நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"அடியில இன்னும் இறுக்கிக் கட்டு லா. வேர்கிட்ட ஈரம் இருந்தா அந்தம்மா கண்டுபிடிச்சிரும்."

வியாழக்கிழமை

கூரைக்கு மிச்சமிருந்தது ஒரே நாள். புதன்கிழமை சாயங்காலம்தான் சமையலறைத் தரைக்குச் சிமெண்ட் பூசி முடித்தோம். மேற்கே வானம் சட்டிக்கரியாக இருந்தது. கான்வாஸைத் தரைக்குப் போட்டால் மரம் நனையும், காலையில் ஆள் இருக்காது, கூரை இல்லை. மரத்துக்குக் கட்டினால் தரை போகும். கான்வாஸைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு மரத்துக்குக் கட்டினேன்.

காலையில் அக்கா உள்ளங்கையை வைத்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைத்திருந்தார். பட்டையில் கயிறு அழுத்திய தடத்தை ஒரு விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். சுற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர்.

"நல்ல மரம்யா. வா, ஏணியப் புடி."

பால்

நாலு மணிக்குள் கடைசித் தகரமும் ஏறிவிட்டது. மறுநாள் விடியலில் செல்வமணி அடுப்பும் பானையுமாக வந்தார். கூரையைத்தான் முதலில் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். மழைத்துளி விழுந்த இடமெல்லாம் குழி, சுவரிலிருந்து சுவர்வரை. கான்வாஸை வேறு இடத்துக்குக் கட்டிவிட்டேன், தப்பு என்னுடையதுதான் என்றேன். எங்கே கட்டினேன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவர் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். பையிலிருந்து மாவு டப்பாவை எடுத்து, குழிக்குக் குழி கோடு இழுக்க ஆரம்பித்தார்.

"புள்ளி வச்சிட்டீங்க. கோலத்த நான் போட்டுக்கிறேண்ணே."

மழைக்காலத்தில் வீடு கட்டுவது என்றால், எது நனைந்தால் பரவாயில்லை என்று ஒருவன் முடிவு செய்துவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் நிற்பது, அவ்வளவுதான்.

பால் பொங்கியது. ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. போய் பம்புக்கு எண்ணெய் ஊற்றினேன்.